எழுத்துத் தெரியும், வாசிக்கத் தெரியாது: ஆகஸ்ட் லீவு வாசிப்பு வகுப்பை நடத்துவது எப்படி?

கேள்வி இது: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில் தரம் 3 முதல் 5 வரை படிக்கும் ஏறத்தாழ 20 பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். ஆகஸ்ட் லீவில் ஊர்ப் பல்நோக்குக் கட்டடத்தில் அவர்களுக்கு ஒரு வாசிப்பு வகுப்பு நடத்த இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்தான். காசும் குறைவு. எதில் தொடங்குவது, எத்தனை நாள் வைப்பது, எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

முதலில் ஒன்று: இதை இன்னொரு ரியூசன் ஆக்கிவிடாதீர்கள். தமிழ்ப் பாடநூலைத் திறந்து, விட்ட பாடத்திலிருந்து தொடங்கினால் மூன்று கிழமையும் வீணாகும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் எழுத்தே தெரியாதவர்கள் அல்லர். ஆனா, ஆவன்னா என்று தொடங்கிவிட்டால் ஒரே மூச்சில் முடிப்பார்கள். ‘படம்’ என்ற சொல்லை முன்னால் வையுங்கள்: ‘பானா… டானா… இம்…’ என்று நின்றுவிடுவார்கள். எழுத்தின் பெயர் தெரிகிறது. ஒலிகளை ஒட்டிச் சொல்லாகக் கேட்கத் தெரியவில்லை. தரம் 1, 2இல் விழுந்த இந்த இடைவெளியை தரம் 4 ஆசிரியரால் வகுப்பு நேரத்தில் அடைக்க முடியாது. அவருக்குப் பாடத்திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. லீவு வகுப்பு இருப்பது இந்த ஒரு வேலைக்குத்தான்.

ஆகவே முதல் நாள் பாடம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மட்டையில் நான்கு பகுதி எழுதினால் போதும்.

முதல் வரி, குறி சேராத பத்து எழுத்து, வரிசை மாற்றி: த, க, ம, ஈ, ட, அ, வ, எ, ர, ப.
இரண்டாம் வரி, குறி சேர்ந்தவை: கீ, மு, தோ, பை, லெ, நூ, சே, று, கொ, டி.
மூன்றாம் வரி, சொற்கள்: பல், மரம், வாவி, பட்டம், பூனை, தோணி, மேசை, கொக்கு, கெளுத்தி, நுளம்பு.
நான்காவது, தரம் 2 அளவில் நீங்களே எழுதிய ஐந்து வசனம்.

பாடநூலிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தடுமாறும் பிள்ளைகள் பலர் பாடத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்ததும் வரிகள் தாமாக வாயில் வரும். சந்தேகம் இருந்தால் படத்தைக் கையால் மறைத்து, கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். உடனே தெரிந்துவிடும்.

ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம். இரண்டு பேர் இருந்து கேட்டால் 20 பிள்ளைகளும் 40 நிமிடத்தில் முடியும். மற்றப் பிள்ளைகளின் காதில் விழாத இடத்தில், மரத்தடியிலோ விறாந்தையிலோ வைத்துக் கேளுங்கள். பத்தில் எட்டு வந்தால் அடுத்த வரிக்குப் போகலாம். பிழைத்ததை வெறுமனே ‘பிழை’ என்று குறிக்காமல், பிள்ளை என்ன சொன்னது என்பதை அப்படியே எழுதுங்கள். பிள்ளைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பது அந்தப் பிழையில்தான் இருக்கிறது. ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிப்பவனும் ‘பட்ட’ என்று வாசிப்பவனும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

முதல் இரண்டு வரியில் நின்றவர்கள் எழுத்துக் குழு, மூன்றாம் வரியில் நின்றவர்கள் சொல் குழு, அதைத் தாண்டியவர்கள் வசனக் குழு. தரத்தைப் பார்க்கவே வேண்டாம். தரம் 5 பிள்ளையும் தரம் 3 பிள்ளையும் ஒரே பாயில் இருக்கட்டும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வகுப்பைப் பாராமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கும் முறையைத்தான் கைக்கொள்கிறது. 2008இல் பீகாரில் அரச ஆசிரியர்களே ஒரு மாதக் கோடை முகாமில் இப்படிக் கற்பித்தபோது பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. உத்தரப் பிரதேசத்தில் பத்து நாள், இருபது நாள் முகாம்களாக நடத்தியும் பலன் கண்டார்கள். குறுகிய காலம் என்பது குறையல்ல, நாள் தவறாமல் நடக்க வேண்டும். குழுக்களுக்கு மயில், கிளி, கொக்கு என்று பெயர் வையுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்பக் கேட்டு இடம் மாற்றுங்கள். தரம் 5 பிள்ளைக்கு வெட்கம் வரும். அவனைச் சின்னவர்களுக்கு மட்டை பிடிக்கும் பொறுப்பில் வைத்தால் அதே எழுத்தை அவனும் கூச்சமில்லாமல் படிப்பான்.

நாட்கள்: 15 அமர்வு, கிழமைக்கு ஐந்து, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். லீவு குறுகிய வருடமென்றால் பத்து அமர்வை லீவிலும் மீதி ஐந்தைச் சனிக்கிழமைகளிலும் வையுங்கள். முஸ்லிம் பாடசாலைகளின் நாட்காட்டி நோன்பை ஒட்டி மாறுவதால் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் இதே திட்டத்தை வேறு மாதத்தில் வைக்க வேண்டிவரும். டிசம்பர் லீவை நம்ப வேண்டாம், மழையும் வெள்ளமும் பாதி நாளைத் தின்னும். ஆகஸ்டில் கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் காலம். சீற்றுக் கூரை போட்ட கட்டடத்தில் பத்தரைக்குப் பிறகு பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள், ஆகவே காலை 8 முதல் 10 வரை. சிறுபோக வேளாண்மை வெட்டும் அப்போதுதான். தாய் தகப்பன் வயலுக்குப் போனால் மூத்த பிள்ளை வீட்டில் சின்னதைப் பார்க்க நிற்கும். ‘தம்பியையும் கூட்டிக்கொண்டு வா’ என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு மூலையில் பாயும் கலர் பென்சிலும் போட்டு வைத்தால் வரவு குறையாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், ஊர்க் கோயில் திருவிழா நாட்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு கிலோ காய்ந்த கௌபியை இரவே ஊறப்போட்டு அவித்தால் 20 பேருக்கும் ஆளுக்கு நூறு கிராமுக்கு மேல் வரும். 9 மணிக்குக் கொடுங்கள். பின்பாதி வகுப்புக்குப் பிள்ளைகளிடம் தெம்பு இருக்கும்.

இனி எழுத்துக் குழுவுக்கு வருவோம். கூடுதல் கவனம் தேவைப்படுவதும் பிழையாகக் கற்பிக்கப்படுவதும் இங்கேதான். தமிழில் எழுத்து 247 என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். முதல் ஐந்து நாளுக்கு எட்டு மெய்: க, ட, த, ப, ம, ர, ல, வ. அவற்றோடு அ, ஆ, இ, உ என்ற நான்கு உயிர், பிறகு புள்ளி. எட்டை ஐந்தால் பெருக்கினால் 40 வடிவம். இந்த நாற்பதுக்குள் மரம், படம், பட்டம், கடல், கால், வால், பால், மாடு, மாமா, பாட்டி, தாத்தா, தட்டு, கட்டில், தம்பி, வாவி எல்லாம் அடங்கும். இரண்டாம் நாளே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடும். அந்தச் சந்தோசம் இல்லாமல் பத்து நாள் வெறும் அட்டவணை ஓதவிட்டால் ஆறாம் நாள் வரமாட்டார்கள்.

ஒட்டுவதற்கு ஒரு சின்ன உபாயம். எழுத்தைப் பெயரால் சொல்லாமல் ஒலியால் சொல்லுங்கள்: பானா வேண்டாம், ‘ப’. ‘ல்’ என்பதை ‘இல்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை ‘பல்’லைப் ‘ப-இல்’ என்று கூட்டிக் கடைசியில் ‘பயில்’ என்று சொல்லும். பிழை பிள்ளையுடையதல்ல, நாம் கொடுத்த பெயருடையது. நாக்கை மேலே ஒட்டி நிறுத்தி ‘ல்ல்’ என்று காட்டுங்கள். மட்டைத் துண்டொன்றால் சொல்லை மூடி, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து, முந்திய ஒலியை நிறுத்தாமல் இழுக்கச் சொல்லுங்கள்: ‘மஅஅ-ரஅஅ-ம்’. மூன்று தரம் இழுத்து நான்காம் தரம் வேகமாகச் சொன்னால் ‘மரம்’ வந்துவிடும்.

துணைக்கால் பெரிய வில்லங்கம். அச்சில் ‘ா’வும் ‘ர’வும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ‘ர’வுக்குக் கீழே சரிந்த ஒரு காலுண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ‘காகம்’ என்பதைக் ‘கரகம்’ என்று வாசிக்கும் பிள்ளை கவனக்குறைவால் அப்படி வாசிக்கவில்லை, கண்ணில் பட்டதைத்தான் வாசிக்கிறது. போட்டோக்கொப்பித் தாளில் எல்லாத் துணைக்காலையும் சிவப்புப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள், ‘ர’வின் சரிந்த காலை நீலத்தால். இரண்டு நாளில் கண் பழகிவிடும். ஒகர ஓகாரம் வரும்போது இந்தத் தொல்லை திரும்பவும் தலைகாட்டும்: ‘தொடு’ என்பது ‘தெரடு’ ஆகும்.

கொம்பு அடுத்தது. ‘ெ’, ‘ே’, ‘ை’ மூன்றும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒலிப்பதோ பிறகு. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை கொம்பிலேயே முட்டி நிற்கும். விதி ஒன்று கொடுங்கள்: கொம்பைக் கண்டால் வாய் திறக்காதே, அடுத்த எழுத்தைத் தொடு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல். விரலால் தொட்டே செய்ய வேண்டும். ஈ, ஊ, ஐ, எ, ஏ இரண்டாம் கிழமைக்கு. ஒ, ஓ மூன்றாம் கிழமைக்கு. ச, ந, ன, ய, ள, ற முதலிய மற்ற மெய்களை ஒன்றிரண்டாக இடையில் சேர்த்துக்கொண்டு போங்கள்.

உகரத்தை கு, ஙு, சு என்று அகரவரிசையில் கற்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வடிவத்தால் மூன்று குடும்பமாகப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. நாளைக்கு ஒரு குடும்பம். வரிசையில் சொன்னால் பதினெட்டு விதமாகத் தெரிவது இப்படிப் பிரித்தால் மூன்று விதமாகச் சுருங்கும்.

சொல் குழுவுக்குக் குறில்-நெடில், ஒற்று இரண்டும்தான் வேலை. கல்-கால், மலை-மாலை, குடை-கூடை, விடு-வீடு, எடு-ஏடு, கொடு-கோடு, படம்-பட்டம், பாடு-பாட்டு. இரண்டு மட்டையைத் தரையில் வைத்து ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளை எடுக்கட்டும். பிறகு பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எடுங்கள். வேண்டுமென்றே பிழையானதை எடுத்தால் உங்களைத் திருத்துவதில் பிள்ளைகளுக்குப் பெரிய குசி. நாள்தோறும் ஐந்து சொல் சொல்வதெழுதல், அதற்குமேல் வேண்டாம். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண எழுத்தில் பிழைத்தால் கொப்பியில் திருத்துங்கள். உரத்து வாசிக்கும்போது ழகரம் சரியாக வரவில்லையென்று நடுவில் நிறுத்த வேண்டாம். பிள்ளை எழுத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது, இந்த வகுப்புக்கு அது போதும்.

வசனக் குழுவின் தடை சொல்லின் நீளம். தமிழ்ச் சொல் வாலை நீட்டிக்கொண்டே போகும். ‘வீடு’ வாசிக்கும் பிள்ளை ‘வீட்டிலிருந்து’ என்றதும் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கும். ஒரே சொல்லின் குடும்பத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகள். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ போன்றதைப் பென்சிலால் கோடிட்டுப் பிரிக்கட்டும்: போய்க் | கொண்டி | ருந்தார் | கள். இதனால்தான் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அளவுகளைத் தமிழுக்குக் கொண்டுவருவது பொருந்தாது. பிள்ளையை அதே பிள்ளையின் முதல் நாளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு தடை, வீட்டுப் பேச்சும் புத்தகத் தமிழும் வேறாக இருப்பது. பிள்ளையிடம் நேற்று நடந்ததைக் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள்: ‘நானும் தம்பியும் வாவிக்குப் போனம். மறுகா மழ வந்திட்டு. ஓடி வந்திட்டம்.’ தன் வாயிலிருந்து வந்ததை வாசிக்கப் பிள்ளைக்குக் கஷ்டமே இராது. மறுநாள் பக்கத்தில் எழுதுங்கள்: ‘நானும் தம்பியும் வாவிக்குப் போனோம். பிறகு மழை வந்துவிட்டது. ஓடி வந்துவிட்டோம்.’ எது எதுவாக மாறியது என்று பிள்ளையே கோடு போட்டு இணைக்கட்டும். பேச்சைப் பிழையென்று சொல்ல வேண்டாம். இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்ரேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். மூன்று கிழமையில் இருபது பிள்ளைகளின் இருபது புத்தகம் உங்கள் கையில் இருக்கும். ஊரார் பெயரும் வாவியும் தோணியும் வரும் அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் சண்டை பிடித்து வாசிப்பார்கள்.

வாங்கும் புத்தகம் பற்றி: 20 பிள்ளைகளுக்குக் குறைந்தது 60 மெல்லிய புத்தகமாவது வேண்டும், இல்லையென்றால் தெரிவு இல்லை. பிரதேச சபை நூலகத்தின் சிறுவர் பகுதியில் அதிபரின் கடிதத்தோடு மொத்தமாக இரவல் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாக உண்டு, பதிவிறக்கி அச்சடிக்கவும் அனுமதி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சொற்கள் வருமிடத்தில் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ‘வெண்டைக்காய்’ என்று அச்சிலும் ‘வெண்டிக்காய்’ என்று வீட்டிலும் இருந்தால், சரியாக வாசித்த பிள்ளையும் தான் பிழைத்ததாக நினைத்துத் திரும்பிப் போகும். ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடக்கினால் அந்தப் புத்தகம் தனியாக வாசிக்கக் கனமானது, நீங்கள் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.

புத்தகத்தைக் கொடுத்தனுப்பினால் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிம், தோமஸ் வைற் இருவரும் தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளை வைத்துச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கோடை லீவில் புத்தகம் மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எப்படி வாசிப்பது, விளங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று முதலில் சொல்லிக்கொடுத்து, வீட்டில் ஒருவருக்கு உரத்து வாசிக்கவும் வைத்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள்.

இங்கே ‘வீட்டில் ஒருவர்’ யார் என்று யோசிக்க வேண்டும். தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவிடம் என்ற வீடுகள் நம் பக்கம் நிறைய. அம்மம்மாவோ உம்மும்மாவோ எழுத்து வாசிக்காதவராக இருக்கலாம். அது தடையே அல்ல. அவரிடம் இரண்டு விசயம் மட்டும் கேளுங்கள்: விளக்கு வைத்த பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து கேளுங்கோ, பிள்ளை நிறுத்தும்போது ‘மறுகா என்ன நடந்த?’ என்று கேளுங்கோ. திருத்தும் வேலை அவருடையதல்ல. வாசிக்கத் தெரிந்த அக்கா, அண்ணா இருந்தால் சேர்ந்து வாசிக்கும் முறையைக் காட்டுங்கள்: இருவரும் ஒரே குரலில் தொடங்க வேண்டும். பிள்ளை மேசையைத் தட்டினால் பெரியவர் நிறுத்த வேண்டும். பிழைத்தால் ஐந்து விநாடி பொறுத்து, சொல்லைச் சொல்லிக் கொடுத்து, பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னதும் மீண்டும் சேர்ந்து போக வேண்டும். ஏச்சு, குட்டு இரண்டும் கூடாது.

வகுப்பின் இரண்டு மணித்தியாலம் இப்படிப் போகட்டும்: நீங்கள் கதை வாசித்துக் காட்ட 10 நிமிடம், எல்லாரும் சேர்ந்து எழுத்து அட்டவணை 10, குழு வேலை 40, கௌபி 15, இரண்டிரண்டு பேராக வாசிக்க 20, எழுத்து 15, வீட்டுப் புத்தகம் தெரிய 10. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று வாசிக்க விடாதீர்கள். 20 பிள்ளைகளுக்கு 40 நிமிடத்தில் ஆளுக்கு 2 நிமிடம்தான் கிடைக்கும். மீதி 38 நிமிடமும் தன் முறை வந்துவிடுமோ என்ற பயம்தான். ‘அதிக புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு’ என்பதும் வேண்டாம். மெல்லிய புத்தகமாகத் தேடி எடுத்துத் தாளைப் புரட்டிவிட்டு வருவார்கள். தரம் 5 பெற்றோர் புலமைப்பரிசில் கடந்தகாலத் தாள் செய்யச் சொல்லி நெருக்குவார்கள். வினாவை வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் பிள்ளை, ஒரு கண்ணைச் சுருக்கும் பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால் வாசிப்பை விட்டுவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பத்து நாள் ஒழுங்காக வந்தும் நாற்பது வடிவத்தில் பத்தைக்கூட நினைவில் வைக்காத பிள்ளை இருந்தால் ‘மண்டையில் ஏறாது’ என்று ஒதுக்காதீர்கள். விசேட கல்வி ஆசிரியரைப் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

கடைசி நாள் அதே நான்கு பகுதி மட்டையைத் திரும்பக் கேளுங்கள். எழுத்துக் குழுப் பிள்ளை சொல் குழுவுக்கு வந்தால் அதுவே பெரிய காரியம். 15 நாளில் கதைப் புத்தகம் சரளமாக வாசிப்பான் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். விழா வைப்பதென்றால் பேச்சைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் எட்டுப் பக்கப் புத்தகத்தை வீட்டாருக்கு வாசித்துக் காட்டட்டும். பாடசாலை திறந்த முதல் கிழமையே வகுப்பாசிரியரின் கையில் பிள்ளைக்கொரு துண்டு கொடுங்கள். அது இந்த அளவில் இருந்தால் போதும்: ‘அ, ஆ, இ, உ சேர்ந்த எழுத்துகளும் புள்ளியும் வரும். கொம்பு வந்தால் இன்னும் நிற்கிறான், விரலால் தொட்டால் சரிவருகிறது. முன்வரிசையில் இருத்துங்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.’